ஆள் நின்றால்தான் மலைக்கு உயரம்

தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. மலையை நடுவில் வைக்காதீர்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை நடுவில் உட்கார வைக்கலாம், மலையை வைக்கக் கூடாது. அந்த மூன்று கால் குச்சியைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்புங்கள். இன்னும். ஆங்… இப்போது பாருங்கள். குளத்துத் தண்ணீர் கீழே ஒரு பங்கு, மலையும் வானமும் மேலே இரண்டு பங்கு. வலது ஓரத்தில் அந்த ஆனைப்பாறை வருகிறதா? வரும். வராமல் எங்கே போகும்? அந்தப் பாறைதான் விஷயமே.

நான் யாரென்றா கேட்டீர்கள்? கேட்கவில்லையா? சரி, கேட்க நினைத்திருப்பீர்கள். பேர் திருமலைக்கொழுந்து. பேரிலேயே மலை இருக்கிறது பாருங்கள். இந்தச் சாரல்பேரிக் குளத்தங்கரைக்கு காமிராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். சிலபேர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். மரியாதை.

இந்த வாழையிலைக் கட்டை உங்கள் பைமேல் வைத்துக்கொள்ளட்டுமா? தரையில் வைத்தால் எறும்பு ஏறிவிடும். வீட்டில் அவசரமாகக் கேட்டார்கள், அதுதான் வாங்கிக்கொண்டு போகிறேன்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும் தம்பி. பெரிய காரியமில்லை, ஒரே ஒரு அமுக்கு. அதோ, நடுமுடிக்கும் தென்முடிக்கும் இடையில் ஒரு பள்ளம் தெரிகிறதல்லவா, சூரியன் அதில் வந்து உட்காரும். அந்த நேரத்தில் நான் ஆனைப்பாறைமேல் ஏறி நிற்பேன். நீங்கள் அமுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு படத்தில்தான் என் பேரனுடைய பேர் இருக்கிறது. நாளைக் காலையில் தொட்டிலில் போடுகிறோம். இன்றைக்கு விட்டால் எனக்கு வேறு சாயங்காலம் கிடையாது.

இருங்கள், போகத்தான் போகிறேன். பாறை என்ன, கூப்பிடு தூரம். சூரியன் இன்னும் இரண்டு பனை உயரத்தில் நிற்கிறது. அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எதற்கு அமுக்குகிறோம் என்று தெரியாமல் அமுக்கினால் படம் விளங்காது.

மலை இருக்கிறதே, அதை வெறுமனே பிடித்தால் அது மலையாகவே இராது தம்பி. பாத்திரக் கடையில் கவிழ்த்துப்போட்ட சட்டி மாதிரி இருக்கும். முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். கண்ணு முதலில் ஆளைப் பார்க்கும், பிறகு மலையைப் பார்க்கும், 'அடேயப்பா, எம்மாம் பெரிசு!' என்று அப்புறம்தான் வாயைப் பிளக்கும். ஆள் நின்றால்தான் மலைக்கு உயரம். இதை எனக்கு ஒரு கோயம்புத்தூர்க்காரர் சொன்னார். சொன்னதோடு, "பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றார். போனேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். போனேன். "இன்னும், இன்னும், அப்படியே போயிட்டே இருங்க" என்றார். போய்க்கொண்டே இருந்தேன், டீக்கடை வந்துவிட்டது. அந்தப் படத்தில் நான் இல்லை. ஆனால் நான் விலகிய இடம் இருக்கிறது. அந்த இடத்துக்காகத்தான் அந்தப் படத்துக்கு டெல்லியில் பரிசு கொடுத்தார்களாம்.

சிரிக்காதீர்கள். காமிராக்காரர்களுக்கு நான் செய்த உபகாரத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு மார்கழியில் மதுரைக்காரர் ஒருவர் உலக்கை நீளத்துக்கு லென்சு கொண்டுவந்திருந்தார். மலை தெரியவில்லை. மூடுபனி, கம்பளி மாதிரி. மனுசன் கண் கலங்கிவிட்டார். நான் என்ன செய்தேன், அரிவாளை எடுத்தேன், பனியில் சதுரமாக ஒரு சன்னல் வெட்டினேன். அதன் வழியாக மலையையும் சூரியனையும் பிடித்துக்கொண்டு போனார். வெட்டின துண்டை வீணாக்குவானேன் என்று வீட்டுக்கு மடித்து எடுத்துப்போனேன். நவமணி அதை வெயில் வருகிறவரை மோர்ப்பானை வாய்க்கு வேடு கட்டி வைத்திருந்தாள்.

நவமணி என் வீட்டுக்காரி. பேரைக் கேட்டு ஆண்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுப்பேர் அது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாருக்கும் அதே பேர்தான். எனக்குப் பெண் பார்த்தபோது, "என்னடே, பொண்ணு பேரு நவமணியாம், எதுக்கும் நேர்ல போயி ஒருவாட்டி பாத்துக்க" என்றார் எங்கள் சித்தப்பா. நல்லவள். ஒரே குறை, என்னை ஒரு சாயங்காலம் நிம்மதியாக உட்கார விட மாட்டாள். டீக்கடையில் கால் வைத்தால் போதும், ஆட்டுக்குத் தழை பறிக்கிறேன் என்று கிளம்பி எங்கேயாவது மேட்டில் ஏறி நின்று பார்த்துவிடுவாள். என்னத்தைத்தான் பார்ப்பாளோ.

அதை விடுங்கள். காலண்டருக்கு வருகிறேன். இதோ, சுருட்டி வைத்திருக்கிறேன், பிரியுங்கள். மெல்ல, மெல்ல, ஓரம் கிழிந்திருக்கிறது.

இந்தத் தைக்கு எங்கள் பக்கத்து உரக்கடையில் எல்லாருக்கும் கொடுத்த காலண்டர். பாருங்கள், இதே குளம், இதே மலை, இதே பள்ளத்தில் சூரியன். வானம் முழுக்க மாம்பழத்தைப் பிசைந்து அப்பின மாதிரி. வலது ஓரத்தில் பாறை. பாறைமேல் கறுப்பாக ஓர் ஆள். முகம் தெரியாது, வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் அப்படித்தான், ஆள் வெறும் கரிக்கோடு. தலையில் துண்டுக் கட்டு. தொளதொள முழுக்கைச் சட்டை. ஒரு கை இடுப்பில். இன்னொரு கை நெற்றியில், வெயிலுக்கு மறைப்பாக. தோளில் சாய்த்தபடி நீளமாக ஒன்று, நுனி வளைந்து. முகம் டீக்கடைப் பக்கம் திரும்பியிருக்கிறது. என்ன ஒரு நிற்பு! ராசா மாதிரி! யார் அது?

நான்தான்.

வீட்டில் மாட்டினேன், எல்லாருக்கும் சொன்னேன், ஊரே ஒத்துக்கொண்டது. அதாவது, ஒருவரும் மறுக்கவில்லை. அப்போதுதான் பேறுகாலத்துக்கு வந்திருந்த என் மகள் கோமுவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளையைப் பார்க்கச் சம்பந்தி வந்தார். ஆவுடைநாயகம். மருமகனைப் பெற்றவர். தங்கமான மனுசர் தம்பி, அவர் வாயைத் திறக்காத வரைக்கும்.

பிள்ளையைப் பார்த்தார். வெள்ளிக் கொலுசு போட்டார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நிமிர்ந்தவர் காலண்டரைப் பார்த்தார். "அட, இது நாமல்லா!" என்றார்.

எனக்கு எப்படி இருக்கும்?

"சம்பந்தி தப்பா நெனைக்கப்படாது, அது நான்" என்றேன்.

"சம்பந்தி மன்னிக்கணும். போன ஆவணிக் கோயில் கொடைக்கு வந்திருந்தேன்லா, சாப்பாடு செரிக்கக் குளத்தங்கரைப் பக்கம் நடந்தேன்லா, அப்போ எவனோ தூரத்துல நின்னு புடிச்சிருக்கான். இந்தா பாருங்க, தோளுல என் கைத்தடி."

"சம்பந்தி, அது என் குடை."

"குடை இம்புட்டு நீளமா இருக்குமா சம்பந்தி? ஆளைவிட உசரமா இருக்கு."

"அந்தி வெயில்ல எல்லாம் நீளும் சம்பந்தி. குடையும் நீளும்."

"அப்போ என் கைத்தடியும் நீளும்லா?"

பாருங்கள், பதிலுக்குப் பதில். சம்பந்தி ஆயிற்றே, 'போவே' என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் ஒரு 'சம்பந்தி', பின்னால் ஒரு 'மன்னிக்கணும்'. நான் சும்மா விடவில்லை. "முகம் டீக்கடைப் பக்கம் இருக்கு. சம்பந்தி டீ குடிக்கிறதில்ல, சுக்குக் காப்பிதான். அப்புறம் அங்க என்ன பார்வை?" என்று கேட்டேன். மனுசர் கொஞ்சம் திணறிவிட்டார். "போண்டா போடுதானான்னு பாத்திருப்பேன்" என்றார்.

அந்த நேரம் நவமணி வெற்றிலைத் தட்டோடு வந்தாள். அவளைக் கேட்டேன், "நீயே சொல்லு, இது யாரு?" காலண்டரைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "சட்டை உங்க சட்டைதான். அதுல சந்தேகமே இல்ல" என்றாள்.

கேட்டீர்களா? கட்டினவள் சாட்சி! இந்தப் படத்தில் பாருங்கள், வலது கை மடிப்பு அவிழ்ந்து தொங்குகிறதா? என் பழைய காக்கிச் சட்டை அது. பொத்தான் போய்விட்டது, எத்தனை மடித்தாலும் நிற்காது. சொல்லிவிட்டு நவமணி கோமுவைப் பார்த்தாள். கோமு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பனுக்குச் சாட்சி கிடைத்த சந்தோசம். பெண்பிள்ளை அப்பன் பக்கம்தானே.

அந்தச் சட்டையைத்தான் தம்பி, இன்றைக்கு மத்தியானம் முழுக்கத் தேடினேன், இதே மாதிரி போட்டுக்கொண்டு நிற்க. கிடைக்கவில்லை. போன வருசத்திலிருந்தே அது என் கண்ணில் படவில்லை. வீட்டில் பொருளை வைத்த இடத்தில் வைப்பதே கிடையாது.

சூரியனா? இருக்கிறது, இருக்கிறது. ஒன்றரைப் பனை. நீங்கள் ஏன் போனைப் போனைப் பார்க்கிறீர்கள்? சூரியன் எப்போது இறங்கும் என்று போனில் பார்க்கிறீர்களா? மேலே பார்த்தால் தெரியாதா? அதற்கு டயம் சொல்கிறவன் எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருப்பான். மலை இருக்கிற ஊரில் சூரியன் முன்கூட்டியே விழும் என்று அவனுக்கு யார் சொல்வது? சரி சரி, போகிறேன். இந்தப் பேர் விஷயத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

சட்டைச் சாட்சிக்கும் சம்பந்தி மசியவில்லை. "எனக்கும் இதே மாதிரி ஒரு சட்டை உண்டு" என்றார். பேச்சு அப்படியே பிள்ளை பேருக்குப் போனது. மகன் வயிற்றுப் பிள்ளைக்குத் தாத்தா பேர்தான், அது முறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூத்த மகன் வழியில் ஏற்கெனவே ஒரு ஆவுடைநாயகம் அவர் வீட்டில் ஓடித் திரிகிறான். இன்னொன்றும் வேண்டுமாம்! வீட்டில் மூன்று ஆவுடைநாயகம் இருந்தால் சோற்றுக்குக் கூப்பிடும்போது யார் வருவது?

எனக்கோ ஒரே மகள். என் பேர் இந்தப் பிள்ளையை விட்டால் வேறு பிள்ளையில் ஏறாது. இன்னொரு ஆசையும் உண்டு, உங்களிடம் சொன்னால் என்ன. பிள்ளை அவர் வீட்டில்தானே வளரும்? என் பேரை வைத்துவிட்டால் ஆவுடைநாயகம் தினமும் காலையில், "திருமலைக்கொழுந்து, என் ராசா, என் தங்கக் கட்டி, பால் குடிக்க வாய்யா" என்று கெஞ்ச வேண்டும். அதை நான் அவர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று ஒருதடவை கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் போதும், சுடுகாட்டுக்கு நானே நடந்து போய்விடுவேன்.

சம்பந்தி விடவில்லை, நானும் விடவில்லை. அறைக்குள்ளிருந்து கோமு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க, பிள்ளை இப்பதான் கண்ணசந்தான். நான் ஒண்ணு சொல்லுதேன், கேப்பீங்களா? அந்தப் படத்துல நிக்கிறது யாரோ, அவங்க பேருதான் என் பிள்ளைக்கு. பேச்சு மாறக் கூடாது. கையில அடிங்க" என்றாள்.

என்ன அறிவு பாருங்கள் என் மகளுக்கு! அப்பன் ஜெயிப்பான் என்று தெரிந்துதான் அந்த வார்த்தை. நானும் அடித்தேன். சம்பந்தியும் அடித்தார். நவமணி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். புகை கண்ணில் பட்டதா, சிரிப்பா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கேஸ் அடுப்பில் புகை ஏது என்று பிறகுதான் யோசித்தேன்.

படம் பிடித்தவனைக் கண்டுபிடிக்கலாம் என்று உரக்கடையில் விசாரித்தேன். அச்சாபீசுக்காரன் எங்கிருந்தோ வாங்கிப் போட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் தம்பி இந்த ஏற்பாடு. அதே பாறை, அதே வெளிச்சம், அதே நிற்பு. நான் நிற்கிறேன், நீங்கள் பிடிக்கிறீர்கள், உங்கள் போனிலிருந்து என் போனுக்கு அனுப்புகிறீர்கள். நாளைக்குச் சம்பந்தி முதல் பஸ்ஸில் இறங்குகிறார். காலண்டருக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணில்லாதவனுக்கும் தெரியும். ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். இடுப்பில் கை, நெற்றியில் கை. கண்ணாடி முன்னால் நின்றபோது கொஞ்சம் இசைவாக வரவில்லை. இடுப்பை ஒரு மாதிரி ஒடித்து நிற்க வேண்டியிருக்கிறது, எனக்கு மூட்டு பிடித்துக்கொள்கிறது. போன வருசம் எப்படித்தான் நின்றேனோ. வயசாகிறதில்லையா.

என்ன? சூரியன் தொட்டுவிட்டதா?

அட, ஆமாம்! தொட்டுவிட்டதே! அரைப் பனைகூட இல்லை! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? பேச்சுக் கொடுத்துக் கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். குடை எங்கே? இலைக்கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதோ ஓடுகிறேன். நான் ஏறி நின்று கையை நெற்றியில் வைத்ததும் அமுக்குங்கள்.

அட ராமா! பாறைமேல் யாரோ நிற்கிறார்களே!

யார் அது? இந்த நேரத்தில்தானா? நன்றாக இருக்கிறது கதை. உங்கள் படமும் கெட்டது, என் பேரன் பேரும் கெட்டது. "ஏ… யாரது பாறை மேல? இறங்கு! இறங்கு! இங்கே படம் பிடிக்காங்க!"

கேட்கிறதா பாருங்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பதை! நெற்றியில் கையை வைத்து டீக்கடைப் பக்கம் என்ன பார்வை வேண்டிக்கிடக்கிறது?

தம்பி, நீங்கள் ஏன் அமுக்குகிறீர்கள்? நிறுத்துங்கள். அந்த ஆள் விலகட்டும். எதற்கு இத்தனை தடவை டிக் டிக் என்று? நான் இங்கே நிற்கிறேன், அங்கே யாரோ நிற்கிறார்கள், நீங்கள் பாட்டுக்கு…

"ஏங்க! அங்ஙனயா இருக்கிய? என்ன பண்ணுதிய அங்க? விடிஞ்சா தொட்டில், வாழையில வாங்கப் போன மனுசன் எங்கன்னு வீடே தேடுது! அந்தத் தம்பியவாவது வேலை செய்ய விடுங்க!"

நவமணி.

இல்லை தம்பி, ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரிதான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தழை பறிக்கிற துறட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு… அது என் சட்டையா? காக்கிச் சட்டை! சேலைக்கு மேலே என் சட்டையைப் போட்டுக்கொண்டு! வேலி முள் கீறாமலிருக்கப் போடுவாள், அது எனக்குத் தெரியும், ஆனால் இந்தச் சட்டை என்று…

வேண்டாம், காட்ட வேண்டாம். சரி, காட்டுங்கள். வெளிச்சம் படுகிறது, கையால் மறையுங்கள்.

ம்.

காலண்டரைக் கொஞ்சம் பக்கத்தில் பிடியுங்கள்.

ம்ம்.

துறட்டி நுனி வளைந்துதான் இருக்கும், இல்லையா. நீளமாகவும் இருக்கும்.

கோமு இருக்கிறாளே, கழுதை. தெரிந்தேதான் கையில் அடிக்கச் சொல்லியிருக்கிறாள். 'அவங்க பேருதான்' என்று சொன்னாள் பாருங்கள், 'அவர்' என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். தாயும் மகளும் சேர்ந்து இரண்டு கிழவர்களை ஆட்டிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று தம்பி, நியாயமாகப் பேசுவோம். அவள் ஏன் பாறைமேல் ஏறினாள்? என்னைத் தேடி. நெற்றியில் ஏன் கை வைத்தாள்? நான் டீக்கடையில் இருக்கிறேனா என்று பார்க்க. இடுப்பில் ஏன் கை? நான் இருந்துவிட்டேன் என்ற கோபம். நான் ஒழுங்காக வீட்டில் கிடந்திருந்தால் அந்த நிற்பு வந்திருக்குமா? காலண்டரே வந்திருக்காது. அந்தப் படத்தில் நான் இல்லாமலிருக்கலாம், நான் இல்லாமல் அந்தப் படம் இல்லை.

அனுப்பிவிடுங்கள் படத்தை. ஆமாம், என் போனுக்குத்தான். ஏன் மறைக்க வேண்டும்? கையில் அடித்த வார்த்தை. நாளைக்குச் சம்பந்தி வரட்டும், நானே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். "பாருங்க சம்பந்தி, உங்க கைத்தடி" என்று துறட்டியையும் கொண்டுவந்து கையில் கொடுக்கிறேன். அவர் முகம் போகிற போக்கை நீங்கள் இருந்து ஒரு படம் பிடித்தால் நன்றாயிருக்கும். மலையெல்லாம் எந்த மூலைக்கு?

ஆவுடைநாயகம் பேர் விழவில்லை, அது ஒன்று. இரண்டாவது, அவர் பிள்ளையை மடியில் வைத்து, காதில் மூன்று தடவை, "நவமணி, நவமணி, நவமணி" என்று சொல்ல வேண்டும். பொதுப்பேர்தானே, பையனுக்கும் பொருந்தும். மூன்றாவதுதான் தம்பி முக்கியம். இத்தனை வருசத்தில் என் வீட்டுக்குள் நின்று, "நவமணி, கொஞ்சம் வாயை மூடு" என்று ஒருதடவை சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. இனிமேல் சொல்லலாம். திரும்பிப் பார்த்தால், பேரனைச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கோமு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போகிறவரைக்கும் எனக்கு ராஜபோகம்.

இறங்கிவிட்டாள். கரையில் ஏறி வருகிறாள் பாருங்கள். துறட்டியைத் தோளிலிருந்து கையில் மாற்றிவிட்டாள். இப்போதே ஒத்திகை பார்த்துவிடுகிறேன்.

"நவமணி! கொஞ்சம் வாயை…"

தம்பி, அந்த மூன்று கால் குச்சியை எனக்கு முன்னால் நகர்த்தி வையுங்கள். சீக்கிரம். அந்த இலைக்கட்டையும் எடுத்து என் கையில் கொடுங்கள்.